பிரபலங்களின் வாழ்க்கை: நூலகத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?

திண்டுக்கல் வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். கதை, நாவல் எல்லாம் வேண்டாம், "நடந்ததைப் படி" என்பார். நாடகக்காரர்கள், நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள் இவர்களுடைய வாழ்க்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கேட்பார். எங்கள் கிளை நூலகத்தில் என் அட்டைக்கு மூன்று புத்தகம் தருகிறார்கள், பதினைந்து நாள் தவணை. போன தடவை எடுத்ததில் இரண்டு வெறும் புகழ்மாலை. எந்த வருடம் என்ன விருது, எந்த மேடையில் யார் பொன்னாடை போர்த்தினார்கள், இதுவே பக்கம் பக்கமாக. மூன்றாம் நாளே "மூடிவை" என்று சொல்லிவிட்டார். மிச்சம் ஒன்றை மட்டும் முடிந்த பிறகும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'. அந்த மாதிரி வேறு என்ன இருக்கிறது? பிரபலங்கள் தாங்களே எழுதியதை எடுப்பது நல்லதா, மற்றவர்கள் ஆராய்ந்து எழுதியதா?

பழைய விகடன்:
தாங்களே எழுதியதைத்தான் எடுக்க வேண்டும் அம்மா. உங்கள் அப்பாவே அதற்கு விடை சொல்லிவிட்டார். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் பையன்களை வைத்து நாடக சபை தொடங்கியபோது சண்முகத்துக்கு ஆறு வயது. சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்ததும், பிறகு பக்கவாதம் வந்து அந்தப் பெரிய மனிதரின் பேச்சு நின்றுபோனதும், பக்கத்திலேயே இருந்த ஒரு சிறுவனின் நினைவாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் எத்தனை ஆவணம் புரட்டினாலும் சாப்பாட்டுப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்து கண்ணதாசனின் 'வனவாசம்' எடுங்கள். தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று சொல்லிக்கொண்டே போவார். தன்னுடைய குடி, கடன், சபலம், கட்சிக்குள் நடந்த சண்டை எதையும் மறைக்க மாட்டார். சத்தம் போட்டு வாசிக்க அதைவிட நல்ல உரைநடை எனக்குத் தெரியாது. எம்.ஜி.ஆர். விகடனில் தொடராக எழுதிய 'நான் ஏன் பிறந்தேன்' முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல்தான். ஆனால் தாயார் சத்யபாமாவைப் பற்றியும் பசியைப் பற்றியும் அவர் சொல்வதைக் கேட்டால் உங்கள் அப்பா தூங்க மாட்டார்.

சான்று கேள்:
ஐயா சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்தக் கதை என்பது ஒரு தரப்பு வாக்குமூலம். அதை வாசித்துவிட்டு நடந்தது தெரியும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்குக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி ஊருக்குத் திரும்புகிறார். லூயிவில்லில் ஒரு உணவகத்தில் கறுப்பர் என்று சொல்லிச் சாப்பாடு தர மறுக்கிறார்கள். மனம் வெறுத்துப் பதக்கத்தை ஒஹையோ ஆற்றில் வீசிவிடுகிறார். 1975இல் அவர் பெயரில் வந்த 'தி கிரேட்டஸ்ட்' சுயசரிதையில் இப்படி இருக்கிறது. உலகம் முழுக்க மேடைகளில் சொல்லப்பட்ட கதை. அதை ரிச்சர்ட் டர்ஹம் என்பவர் உடனிருந்து எழுதினார். பிறகு தாமஸ் ஹவுசர் அலியோடும், அவரைச் சுற்றி இருந்தவர்களோடும் பேசி 1991இல் ஒரு வரலாறு கொண்டுவந்தார். பதக்கம் எங்கோ தொலைந்துபோனது, அவ்வளவுதான் என்று நெருக்கமானவர்களே சொல்கிறார்கள். உங்கள் அப்பா "நடந்ததைப் படி" என்று கேட்கிறார். எது நடந்தது?

தயவுசெய்து ஆய்வாளர்கள் எழுதியதைத் தேடுங்கள். எம்.ஜி.ஆர். பற்றி வேண்டும் என்றால் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'பிம்பச் சிறை' என்று தமிழில் வந்திருக்கிறது.

பழைய விகடன்:
தம்பி, பதக்கம் ஆற்றில் விழாமல் இருக்கலாம். கறுப்பருக்குச் சாப்பாடு இல்லை என்று விரட்டிய உணவகங்கள் அந்த ஊரில் இருந்தனவா இல்லையா? இருந்தன. அது பொய் இல்லை.

நீங்கள் சொன்ன 'பிம்பச் சிறை'யை நானும் வாசித்திருக்கிறேன். அதில் பாண்டியன் எதையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்க்கிறார்? படங்களை மட்டுமா? எம்.ஜி.ஆரைப் பற்றி மற்றவர்கள் எழுதி மலிவு விலையில் விற்ற வாழ்க்கை வரலாறுகளையும் சேர்த்துத்தான். திரையில் வந்த ஏழைப் பங்காளனும் ராமாவரம் தோட்டத்து மனிதரும் ஒரே ஆள்தான் என்று வாசகரை நம்ப வைத்ததில் அந்த வரலாறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மற்றவர் எழுதினால் உண்மை வந்துவிடும் என்பதை உங்கள் புத்தகமே மறுக்கிறது. இந்த அம்மா மூன்றாம் நாள் மூடிவைத்தாரே, அவையும் மற்றவர்கள் எழுதியவையாகத்தான் இருக்கும். என்னம்மா?

திண்டுக்கல் வாசகி:
ஆமாம் ஐயா, இரண்டுமே ரசிகர்கள் எழுதியவை.

சான்று கேள்:
ரசிகர் எழுதுவதை நான் வாழ்க்கை வரலாறு என்று எண்ணவே இல்லை. அது வாழ்த்து மடல். கடிதம், கணக்கு, நீதிமன்றப் பதிவு, எதிர்த்தரப்பின் பேட்டி இவை இல்லாமல் எழுதினால் அது என் கணக்கில் சேராது.

கேலரிக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விளையாட்டுப் பக்கம் கொஞ்சம் வாருங்கள். "தாங்களே எழுதியது" என்று இருவரும் சொல்கிறீர்கள். பாதிப் பேர் எழுதுவதே இல்லை, சொல்கிறார்கள், வேறொருவர் எழுதுகிறார். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. என்னை அழவைத்த ஒரே விளையாட்டுப் புத்தகம் அப்படி வந்ததுதான்.

ஆண்ட்ரே அகஸியின் 'ஓப்பன்', 2009. டென்னிஸை வெறுக்கிறேன் என்று தொடங்குகிறார். அப்பா வீட்டுக்குப் பின்னால் மைதானம் போட்டு, பந்து எறிகிற இயந்திரத்தைத் தானே மாற்றிச் செய்து, ஏழு வயதுப் பையனை அதன் முன்னால் நிறுத்துகிறார். பையன் அதற்கு டிராகன் என்று பெயர் வைக்கிறான். 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தில் பட்டம் போனாலும் பரவாயில்லை, தலையில் வைத்திருக்கும் பொய்முடி கழன்று விழக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறார். போதை மருந்து எடுத்ததையும், பிடிபட்டபோது டென்னிஸ் சங்கத்துக்குப் பொய்க் கடிதம் எழுதித் தப்பியதையும் அவரே சொல்கிறார். எந்த ஆய்வாளர் போய்க் கேட்டிருந்தால் இது கிடைத்திருக்கும்?

எழுத்து ஜே.ஆர். மோரிங்கர் என்ற பத்திரிகையாளருடையது. அவருடைய நூலை 2006இல் தன் கடைசி அமெரிக்க ஓப்பன் சமயத்தில் படித்துவிட்டு அகஸியே தேடிப் போய்க் கேட்டார். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று மோரிங்கர் மறுத்துவிட்டார். பின்னால் இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்' எழுதியவரும் இவர்தான்.

இதற்கு நேர் எதிராக சச்சினின் 'பிளேயிங் இட் மை வே' இருக்கிறது. 2014இல் போரியா மஜும்தாரோடு சேர்ந்து எழுதியது. முதல் நாளே வாங்கியவன் நான். சிறுவயதில் ஆச்ரேக்கர் சாரிடம் பயிற்சி பெற்ற பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அதன் பிறகு ஆட்டம், ஓட்டம், ஆட்டம், ஓட்டம். சூதாட்டப் புகார் இந்திய கிரிக்கெட்டையே உலுக்கிய காலத்தில் அணிக்குள் இருந்தவர் அவர். அதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள ஏங்கினேன். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. என் ஆதர்சம் அவர், அதனால்தான் வலித்தது. இதை நூலகத்தில் எடுங்கள், முதல் சில அத்தியாயங்களை வாசியுங்கள், திருப்பிக் கொடுங்கள்.

சான்று கேள்:
கேலரிக்காரர் என் பக்கம்தான் சேர்கிறார் என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டாம் என்று தோன்றியதைச் சொல்லாமல் விட சுயசரிதைக்காரருக்கு உரிமை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க இன்னொருவர் வேண்டும்.

கேலரிக்காரன்:
இல்லை சார். நான் சொல்வது, முழுதாகச் சொல்லத் துணிந்தவர் இருந்தால் அவர் போதும் என்பது.

முன்னாள் கிளை நூலகர்:
நூலகத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பிரபலங்கள் வரிசையில் திரும்பி வந்த புத்தகங்களை ஆயிரக்கணக்கில் கையில் வாங்கியிருக்கிறேன். ஒன்றைக் கவனித்தேன். அநேகமாக எல்லாச் சுயசரிதைகளிலும் முதல் மூன்றில் ஒரு பங்கு அழுக்கேறி, மடங்கி, நூல் பிரிந்து இருக்கும். பின்பகுதி புதுப் புத்தகம் மாதிரி இருக்கும். புகழ் வருகிற வரைக்கும்தான் ஜனங்கள் வாசிக்கிறார்கள்.

காரணம் வாசகரின் சோம்பல் இல்லை. சாப்ளின் 1964இல் எழுதிய சுயசரிதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில், மேடையில் அம்மாவின் குரல் உடைந்து கூட்டம் கூச்சல் போட, இவரைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்துகிறார்கள். லாம்பெத் ஏழைகள் விடுதி, அம்மாவுக்கு மனநிலை சரியில்லாமல் போவது, அண்ணன் சிட்னி, இவை எல்லாம் உலக இலக்கியத்தில் வைக்க வேண்டிய பக்கங்கள். பணமும் புகழும் வந்த பிறகு யார் யாரோடு விருந்து சாப்பிட்டார் என்பதே பெரும்பகுதி. 1928இல் அவர் எடுத்த 'தி சர்க்கஸ்' படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாம் திருமணத்தைப் பற்றி, வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், விவரம் சொல்ல மாட்டேன் என்று முடித்துக்கொள்கிறார். அமெரிக்காவுக்கு ஒரே நாடகக் குழுவில் கூட வந்து, ஒரே அறையில் தங்கிய நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரலின் பெயரே இல்லை.

சான்று கேள் அவர்களுக்கு ஒரு செய்தி. டேவிட் ராபின்சன் 1985இல் சாப்ளினின் விரிவான வரலாற்றை எழுதினார். அந்தக் காலத்து விடுதிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சிறுவயது பற்றி சாப்ளின் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து எழுதியும்! அதனால் இளமைப் பகுதிக்கு அவரையே நம்புங்கள், பிற்பகுதிக்கு ராபின்சனிடம் போங்கள் என்றுதான் என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

அலமாரி முன்னால் நின்று தேர்ந்தெடுக்க வழி: வாழ்த்துரை எத்தனை என்று எண்ணுங்கள். அமைச்சர், நீதிபதி, தயாரிப்பாளர் என்று ஐந்தாறு வாழ்த்துரை இருந்தால் வைத்துவிடலாம். படங்களில் எத்தனை, விருது வாங்கும் படம் என்று பாருங்கள். அப்புறம் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் அவர் தோற்றுப்போன செய்தி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திண்டுக்கல் வாசகி:
வாழ்த்துரை விஷயம் அப்படியே உண்மை சார். போன தடவை எடுத்த ஒன்றில் ஏழு இருந்தது.

சான்று கேள்:
நூலகர் ஐயாவுக்கு நன்றி. ராபின்சன் சரிபார்த்த பிறகுதான் சாப்ளினை நம்ப முடிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

வாசகி அவர்களே, தாங்களே எழுத முடியாதவர்கள், எழுத விடப்படாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை என்ன செய்வது? எம்.எஸ். சுப்புலட்சுமி சுயசரிதை எழுதவில்லை. டி.ஜே.எஸ். ஜார்ஜ் 2004இல் ஆங்கிலத்தில் அவருடைய வரலாற்றை எழுதினார். மதுரையில் தேவதாசி மரபில் வந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள், பத்து வயதில் இசைத்தட்டு கொடுத்த குழந்தை, அம்மா முடிவு செய்த வாழ்க்கை வேண்டாம் என்று சென்னைக்கு வந்த பெண், அவரைக் கணவர் சதாசிவம் எப்படி ஒரு குடும்ப விளக்காக, பக்தியின் வடிவமாக ஊருக்குக் காட்டினார் என்பதை ஜார்ஜ் பொறுமையாகச் சொல்கிறார். 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். ஈட்டிய பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. தன் தலைமுறையின் மிகப் பெரிய பாடகி தன் கதையைத் தானே சொல்லும் நிலையில் இல்லை. வேறொருவர் சொல்லாவிட்டால் வைரத்தோடும் பட்டுப்புடவையும்தான் மிஞ்சியிருக்கும்.

மாயவரம் அத்தை:
இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ். அம்மா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தை என் மகன் வாங்கித் தந்தான், முழுதும் படித்தேன். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்துக்கு இளவயதில் எம்.எஸ். அம்மா எழுதிய கடிதங்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். புத்தகம் வந்தபோது அந்த அம்மா உயிரோடு இருந்தார், அந்த வருடம் டிசம்பரில்தான் போனார். வாழ்நாள் முழுவதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லாதவர். எண்பத்தெட்டு வயதில், உடம்பு தளர்ந்த காலத்தில், ஊரே அந்தக் கடிதங்களை வாசிக்கிறது. சான்று, ஆவணம் என்கிறீர்கள். கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அவருக்குச் சொந்தம், நமக்கு இல்லை. என் பெட்டியிலும் கடிதங்கள் இருக்கின்றன தம்பி. நான் போன பிறகு அதை யாரும் பிரிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறேன்.

சான்று கேள்:
அத்தை, நீங்கள் சொல்வது தைக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். மறைத்து வைத்ததால் யாருக்கு இழப்பு? சண்முகவடிவுக்கு. பெண்ணுக்கு வீணையும் ராகமும் மேடையும் தந்தவர் அந்த அம்மா. புனிதமான குடும்பக் கதை வேண்டும் என்பதற்காக அந்தத் தாயையும், வயலின் வாசித்த பாட்டி அக்கம்மாளையும், அந்த மரபு முழுவதையும் பின்னால் தள்ளிவிட்டோம். அவர்களை மறுபடி முன்னால் கொண்டுவருவது வம்பு பேசுவதாகுமா?

மாயவரம் அத்தை:
சண்முகவடிவு அம்மாவைப் பற்றி எழுதட்டும், நூறு பக்கம் எழுதட்டும், நான் கும்பிட்டு வாசிக்கிறேன். அந்தப் பகுதிக்காக ஜார்ஜுக்கு நன்றிகூடச் சொல்வேன். அவர் வீணை வாசித்த இசைத்தட்டைப் பற்றி வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காதல் கடிதம் எதற்கு? இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். வாசகி, நீ அப்பாவுக்கு வாசிக்கும்போது கடிதங்கள் இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போய்விடு கண்ணு.

சான்று கேள்:
தாண்டிப் போனால் அவரை மறுபடியும் படத்துக்குள் அடைத்துவிடுகிறோம் அத்தை. இருபது வயதில் ஆசைப்பட்ட ஒரு பெண் என்பது தெரிந்தால் எனக்கு அவர் பாட்டு இன்னும் பெரிதாகக் கேட்கிறது.

மாயவரம் அத்தை:
எனக்கு அது தெரியாமலே பெரிதாகத்தான் கேட்டது.

பழைய விகடன்:
அத்தை சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. வேறு ஒரு நூலைச் சொல்கிறேன், இது இரண்டுக்கும் நடுவில் நிற்பது. எம்.ஆர். ராதா 1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைக்குப் போய் வந்த பிறகு, எழுத்தாளர் விந்தன் அவரைப் பேச வைத்து எழுதிய 'சிறைச்சாலைச் சிந்தனைகள்'. ராதா பேசுகிற பேச்சு அப்படியே காதில் விழும். நாடக மேடையில் கல் எறிந்த கூட்டத்தை அவர் சமாளித்த கதைகளைப் படித்தால் உங்கள் அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். சிவாஜியும் தன் கதையை டி.எஸ். நாராயணசுவாமியிடம் சொல்லித்தான் 'எனது சுயசரிதை' வந்தது. அதில் நாடகக் கம்பெனிப் பையனாக இருந்த காலத்தை வாசியுங்கள்.

கேலரிக்காரன்:
ஐயாவும் "சொல்லி எழுதியது" பக்கம் வந்துவிட்டார், மகிழ்ச்சி.

முன்னாள் கிளை நூலகர்:
வாசகி, மூன்று புத்தகம்தானே கேட்டீர்கள். நான் ஒரு ஜோடி சொல்கிறேன். 'வனவாசம்' ஒன்று. கலைஞர் எழுதிய 'நெஞ்சுக்கு நீதி' ஆறு பாகங்களில் முதல் பாகம் மட்டும் இன்னொன்று. 1953 ஜூலையில் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கேட்டு ரயில் மறியல் நடந்ததே, அதில் இருவரும் போனார்கள், இருவரும் சிறை சென்றார்கள், இருவரும் எழுதியிருக்கிறார்கள். கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறியவர். மற்றவர் அதே கட்சிக்குத் தலைவர் ஆனவர். ஒரே நாளை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அடுத்தடுத்த இரவுகளில் வாசித்துப் பாருங்கள். கிளையில் இல்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், அங்கே பெரும்பாலும் இருக்கும். நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

சான்று கேள்:
இந்த யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன். மூன்றாவது இடத்துக்கு 'பிம்பச் சிறை'.

பழைய விகடன்:
மூன்றாவது இடத்துக்கு விந்தன்.

திண்டுக்கல் வாசகி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கிளையில் 'வனவாசம்' இருந்தது, அட்டை போய் நூல் கட்டி வைத்திருந்தார்கள். நூலகர் சார் சொன்ன மாதிரி முதல் பாதி அழுக்கு, கடைசிப் பகுதி வெள்ளை. 'நெஞ்சுக்கு நீதி' முதல் பாகம் மைய நூலகத்தில் கிடைத்தது. விந்தன் இரண்டு இடத்திலும் இல்லை. 'பிம்பச் சிறை' எடுத்தேன், அது எனக்கு, அப்பாவுக்கு இல்லை.

கல்லக்குடியை இரண்டு பேர் வாயாலும் வாசித்தேன். கண்ணதாசன் முதல் நாள், கலைஞர் மறுநாள். இரண்டாம் நாள் நடுவில் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த வருடம் தனக்கு ஒன்பது வயது என்றும், பெரியப்பா ரயில்வேயில் இருந்ததால் அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை என்றும், பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். இதை நான் இதுவரை கேட்டதே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். பெரியப்பா எந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார் என்று அத்தை வீட்டில் கேட்க வேண்டும்.

எம்.எஸ். அம்மா புத்தகம் ஆங்கிலத்தில் கிடைத்தால் எடுத்து, நானே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அந்தக் கடிதப் பக்கங்கள் வரும்போது அப்பாவிடமே கேட்டுவிடுகிறேன் அத்தை, வாசிக்கவா வேண்டாமா என்று.

சான்று கேள்:
பெரியப்பா பற்றி விசாரிக்கும்போது அவருடைய பணிப் பதிவேடு வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாயவரம் அத்தை:
கேள் கண்ணு. அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுது.